யோகம் எப்போது 'யோகா' ஆனது? மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் யோக வகுப்புக்கு வருகிறவர்களும், அமெரிக்காவில் 'யோகா டீச்சர்' ஆகிவிட்ட பிள்ளைகளின் பெற்றோரும் ஒரே சந்தேகங்களை மறுபடி மறுபடி கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே கீழே வைத்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல்தான் நிற்கின்றன.

யோகமும் யோகாவும் ஒண்ணுதானே சார்? ஏன் ரெண்டு விதமா சொல்றாங்க?

சொல் ஒன்றுதான். ராகம், தியாகம், போகம் போல வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல் யோகம். அதுவே ஆங்கில எழுத்தில் ஏறி, கடல் கடந்து போய், 'யோகா' என்று திரும்பி வந்தது. இப்போது நம் பேச்சில் இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. லாட்டரி விழுந்தவனுக்கு 'யோகம் அடிச்சுது'. காலையில் பாய் விரித்துக் குனிந்து நிமிர்ந்தால் அது 'யோகா'.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பேசுகிற யோகம் இந்த இரண்டுமே அல்ல. திரும்பி வந்த சொல் வெளிநாட்டு உடற்பயிற்சிக்கூடத்தின் பொருளையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதி தானே தீரும்.

ஆசனம் போட்டா அதுதான் யோகம்னு இவ்வளவு நாள் நெனச்சிட்டிருந்தேன். தப்பா?

பாதி சரி. யோகத்தின் எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம் (புலன்களை உள்ளே திருப்புதல்), தாரணை (மனத்தை ஓரிடத்தில் நிறுத்தல்), தியானம், சமாதி (மனம் முழுக்க ஒன்றி நிற்றல்): பதஞ்சலியும் திருமூலரும் இந்த எட்டைத்தான் சொல்கிறார்கள். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் உள்ளவை 195 சூத்திரங்கள் (சில பதிப்புகளில் 196). அவற்றில் ஆசனத்துக்கு நேரடியாகக் கிடைத்த இடம் மூன்றே மூன்று, இரண்டாம் பாதத்தில் 46 முதல் 48 வரை. இருப்பு அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும். முயற்சியைத் தளர்த்தி மனத்தை எல்லையற்றதில் தோய விட்டால் அது கைகூடும். கைகூடினால் குளிர், வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்கா. அவ்வளவுதான். ஒரு ஆசனத்தின் பெயர்கூட சூத்திரத்தில் இல்லை.

தமிழில் நமக்கு இதைப் புரியவைப்பது எளிது. சிம்மாசனம், அரியாசனம் என்கிறோம். ஆசனம் என்றால் இருக்கை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோக பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கிறது, பெரும்பாலானவை உட்கார்ந்து செய்பவை. இன்னொரு ஹட யோக நூலான கேரண்ட சம்ஹிதை 32 சொல்கிறது. நீண்ட நேரம் அசையாமல் உட்கார உடம்பைப் பழக்குவதுதான் வேலை. உட்கார்ந்த பிறகு செய்ய வேண்டியது தனியாக இருக்கிறது.

அப்போ திரிகோணாசனம், வீரபத்ராசனம், சூரிய நமஸ்காரம் எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதா?

இல்லை. அந்த இரண்டு ஆசனங்களும் மேலே சொன்ன இரண்டு பட்டியலிலும் இல்லை என்பது உண்மை. ஆனால் அவை உருவான இடம் நம் நாடுதான். 1918இல் யோகேந்திரர் இதே மும்பையில், வெர்சோவாவில் தாதாபாய் நௌரோஜியின் இல்லத்தில், யோகக் கல்விக்கூடம் தொடங்கினார். இன்று அது சாந்தாகுரூஸில் இருக்கிறது. 1924இல் லோணாவளாவில் குவலயானந்தர் கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனத்தையும் பிராணாயாமத்தையும் ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தார். சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாகப் பரப்பியவர் இந்த மகாராஷ்டிரத்து ஔந்த் சமஸ்தானத்தின் அரசர், 1920களில். 1930களில் மைசூர் அரண்மனை ஆதரவில் கிருஷ்ணமாச்சாரியார் இளைஞர்களுக்கு ஓட்டமும் வேகமும் உள்ள பயிற்சிகளை வகுத்தார். குஸ்திப் பயிற்சியும் அன்றைய ஐரோப்பிய டிரில்லும் அதில் கலந்திருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அவருடைய மாணவர்கள்தான் பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி. மேற்குலகம் இன்று செய்யும் ஆசனப் பயிற்சியில் பெரும்பகுதி இந்த மூவர் வழியாகப் போனது. வயலின் மேதை யெஹுதி மெனுஹின் 1952இல் ஐயங்காரைச் சந்தித்ததும் இதே பம்பாயில்தான். ஆக, உடம்பின் பக்கம் திரும்பிய முதல் அடி நம்முடையது. ஓர் ஆசனம் புதியது என்பதால் அது குற்றமாகாது. கிருஷ்ணமாச்சாரியார் வேதமும் ஆறு தத்துவ தரிசனங்களும் கற்ற வைணவர். அவர் கொடுத்த ஆசனத்துக்குப் பின்னால் அந்தப் படிப்பு முழுக்க இருந்தது. கடல் கடந்தபோது ஆசனம் போனது, பின்னால் இருந்தது போகவில்லை.

பின்ன மேற்குல எதைத்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க?

முதலில், வரிசையை. எட்டில் மூன்றாவதிலிருந்து தொடங்கி அங்கேயே நின்றுவிட்டார்கள். முன்னால் உள்ள இயம நியமங்கள் 'மதம்' என்றோ 'பழங்கால ஒழுக்கம்' என்றோ விடுபட்டன. பின்னால் உள்ளவை 'மெடிடேஷன்' என்ற வேறு கடையில் வேறு பெயரில் விற்கப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், முதலில் அங்கே போன யோகம் இதற்கு நேர் எதிரானது. 1893இல் சிகாகோ போன விவேகானந்தர் மனத்தை அடக்கும் ராஜயோகத்தைத்தான் எடுத்துச் சொன்னார். அவருடைய ராஜயோக நூல் 1896இல் வெளிவந்தது. உடம்புப் பயிற்சியை முன்வைக்கும் ஹட யோகத்தை அவர் ஒதுக்கியே வைத்தார். ஆசனமே யோகம் என்று ஆனது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

அடுத்தது இன்னும் ஆழமானது. பதஞ்சலி துன்பத்தின் வேர்களை ஐந்து கிலேசங்களாகச் சொல்கிறார்: அவித்தை (அறியாமை), அஸ்மிதை, ராகம் (பற்று), துவேஷம் (வெறுப்பு), உயிராசை. அஸ்மிதை என்பது 'நான்' என்ற ஒட்டுதல். அதைத் தளர்த்துவது யோகத்தின் வேலை. ஸ்டூடியோ விளம்பரமோ 'உங்களை நீங்களே இன்னும் அழகாக, இன்னும் வெற்றிகரமாக ஆக்கிக்கொள்ளுங்கள்' என்கிறது. நோயையே மருந்து என்று கொடுப்பதாக இது முடிகிறது. கண்ணாடி சுவருக்கு முன் நின்று, பக்கத்துப் பாயில் இருப்பவரை விடத் தன் கால் உயரமாகப் போகிறதா என்று பார்க்கும் ஒரு மணி நேரத்தில் அஸ்மிதை வளர்கிறதா தேய்கிறதா என்பதைச் செய்கிறவரே கவனித்துக்கொள்ளலாம். இந்தத் தவறு பாந்த்ராவிலும் நடக்கிறது. 'மேற்கு' என்பது இங்கே திசையைக் குறிக்கவில்லை.

யோகம்னா 'இணைதல்'னு எல்லா ஸ்டூடியோ சுவத்துலயும் எழுதியிருக்கே, அதாவது சரியா?

வேதாந்த மரபிலும் பக்தி மரபிலும் அது சரி. ஜீவன் பரத்தோடு சேர்வது என்று நம் சைவமும் பேசும். ஆனால் பதஞ்சலியை மேற்கோள் காட்டிவிட்டு 'இணைதல்' என்று எழுதினால் பொருந்தாது. யுஜ் என்ற வடமொழி வேருக்கு இரண்டு பொருள் உண்டு: சேர்த்தல் ஒன்று, சமாதி மற்றொன்று. யோக சூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரை, தொடக்கத்திலேயே 'யோகம் என்பது சமாதி' என்று சொல்லிவிடுகிறது. பதஞ்சலியின் முடிவு நிலை கைவல்யம், அதாவது தனித்து நிற்றல். பார்க்கிறவன் வேறு, பார்க்கப்படும் மனமும் உடம்பும் வேறு என்று பிரித்தறிவது.

கீதை இரண்டையும் அழகாகத் தொடுகிறது. ஆறாம் அத்தியாயம் 23ஆம் சுலோகத்தில், துன்பத்தோடு ஏற்பட்ட சேர்க்கையைப் பிரிப்பதற்கே யோகம் என்று பெயர் என்கிறது. 'உடம்பு, மனம், ஆன்மா மூன்றையும் இணைப்பது' என்ற சுவர் வாசகம் இந்த எந்த மரபிலும் இல்லை.

இயமம் நியமம்னா நல்ல பிள்ளையா இருன்னு சொல்றதுதானே? அதுக்கு எதுக்கு யோகம்?

நல்ல பெயர் வாங்குவதற்காகச் சொல்லப்பட்டவை அல்ல அவை. மனம் அடங்குவதற்கான முன்வேலை. இயமம் ஐந்து: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை. நியமம் ஐந்து: தூய்மை, மனநிறைவு, தவம், தன்னாய்வும் ஓதலும், இறைவனிடம் ஒப்படைப்பு. திருமூலர் தரும் பட்டியலில் 'பகுந்துண்பான்' என்றும் ஒன்று வரும். பகிர்ந்து உண்பதை யோகத்தின் முதற்படியில் வைத்தது நம் தமிழ் மரபு.

ஏன் முதலில் என்பது உட்கார்ந்து பார்த்தால் தெரியும். தாதரில் லோக்கல் நிற்பதற்கு முன்பே பாய்ந்து, ஒரு வயதானவரை முழங்கையால் தள்ளிவிட்டு ஜன்னலோர சீட்டைப் பிடித்தீர்கள் என்று வையுங்கள். தானே ஸ்டேஷன் வரும் வரை கையில் மொபைல் இருக்கும், ஒன்றும் தோன்றாது. மறுநாள் காலை கண்ணை மூடி உட்கார்ந்த நாலாவது நிமிடத்தில் அந்த முழங்கை வரும், அவர் பார்த்த பார்வை வரும், 'அவரும்தானே தள்ளினார்' என்று மனம் வாதாடும். பத்து நிமிடமும் அந்த வழக்கிலேயே போய்விடும். மூச்சுப் பயிற்சியால் இதைச் சரிசெய்ய முடியாது. தள்ளாமல் இருந்திருந்தால்தான் உண்டு.

கிளாஸ் முடிஞ்சதும் கை கூப்பி 'நமஸ்தே' சொல்லி முடிக்கிறாங்களே, இது நம்ம பழக்கமா?

நமஸ்தே என்பது இங்கே மாடியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லும் வணக்கம். 'உன்னை வணங்குகிறேன்' என்பதே அதன் பொருள். 'என்னுள் இருக்கும் ஒளி உன்னுள் இருக்கும் ஒளியை வணங்குகிறது' என்பது பின்னால் ஏற்றிய விளக்கம். அழகாக இருக்கிறது, சொல்லுக்கான பொருள் அதுவல்ல. நம் வழக்கத்தில் குரு வணக்கம் தொடக்கத்தில் வரும், முடிவில் சாந்தி பாடம் வரும்.

இதன் மறுகோடியையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1993இல் அரசுப் பள்ளிகளில் யோகத்தைத் தடை செய்தது. 2021இல் தடையைத் தளர்த்தியபோது, ஆசனங்களை ஆங்கிலப் பெயராலேயே சொல்ல வேண்டும், மந்திரம், முத்திரை, நமஸ்தே எதுவும் கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். ஓரிடத்தில் தேவைக்கு மேல் பூச்சு, இன்னோரிடத்தில் சுரண்டி எடுப்பு.

மூலாதாரம் சிவப்பு, சுவாதிட்டானம் ஆரஞ்சுன்னு வானவில் கலர்ல சார்ட் மாட்டியிருக்காங்க. அது எந்த நூல்ல இருக்கு?

பழைய நூல்களில் இல்லை. 16ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் பூர்ணானந்தர் எழுதிய ஷட்சக்ர நிரூபணத்தை ஆங்கிலேயர் ஜான் உட்ரஃப் 1919இல் ஆங்கிலத்தில் தந்தார். மேற்குலகம் ஆறாதாரத்தை, அதாவது உடம்பில் உள்ளதாகச் சொல்லும் ஆறு சக்கரங்களை, அறிந்தது பெரும்பாலும் அந்த வழியில். அதில் மூலாதாரத்துக்கு நான்கு இதழ், நடுவில் மஞ்சள் நிறச் சதுரம், அது மண்ணின் மண்டலம். மணிபூரகத்துக்குப் பத்து இதழ், நடுவில் சிவந்த முக்கோணம், அது நெருப்பு. வானவில் சார்ட்டில் மூலாதாரம் சிவப்பு, மணிபூரகம் மஞ்சள். ஏறக்குறைய இடம் மாறிவிட்டது.

ஏழு நிறத்தை ஏழு சக்கரத்துக்குப் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு மனப் பிரச்சினையோடு கட்டியது 20ஆம் நூற்றாண்டின் மேற்கத்திய ஏற்பாடு. நம் மரபில் ஆதாரங்கள் தியானத்தில் மனத்தை நிறுத்தும் இடங்கள். விநாயகர் அகவல் மூலாதாரத்துக் கனலைப் பேசுவதும் அந்தப் பொருளில்தான். 'எனக்கு அனாகதம் அடைச்சிருக்கு, கல் வெச்சா திறக்குமா' என்று கேட்டால் பதில், அப்படி ஒரு அடைப்பை அந்த நூல்கள் சொல்லவில்லை.

பிராணாயாமம் மட்டும் ஒழுங்காத்தானே பண்றாங்க? உஜ்ஜாயி, கபாலபாதி எல்லாம் இருக்கே?

பெயர்கள் இருக்கின்றன. உஜ்ஜாயி ஹட யோக பிரதீபிகையில் எட்டுக் கும்பகங்களில், அதாவது மூச்சை நிறுத்தும் முறைகளில், ஒன்று. வாயை மூடி, இரு நாசியாலும் தொண்டையில் உரசும் ஒலியோடு இழுத்து, நிறுத்தி, இடது நாசியால் விட வேண்டும். நிற்கும்போதும் நடக்கும்போதும் செய்யலாம் என்றும் அதே நூல் சொல்கிறது. ஸ்டூடியோவில் நிறுத்தலும் போய் இடது நாசியும் போய், தொண்டைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கபாலபாதி பிராணாயாமமே அல்ல. அது தௌதி, நேதி போல ஆறு சுத்திக் கிரியைகளில் ஒன்று. சளியைப் போக்கத்தான் அது. கர்ப்பிணிகளும், ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் அதைச் செய்யக் கூடாது.

திருமூலரின் கணக்கு எல்லாருக்கும் தெரியும்: ஈரெட்டு, அதாவது 16 மாத்திரை இடப்பக்கம் பூரகம் (இழுத்தல்), 64 கும்பகம் (நிறுத்தல்), 32 இரேசகம் (விடுதல்). மாத்திரை என்பதைத் தொல்காப்பியம் கண்ணிமைக்கும், கை நொடிக்கும் நேரம் என்கிறது. ஒரு நொடி என்றே வைத்தாலும் ஒரு மூச்சுக்கு 112 நொடி, கிட்டத்தட்ட இரண்டு நிமிடம்! இணையத்தில் இந்த விகிதத்தைப் பார்த்துவிட்டு முதல் வாரமே முயல்பவர்களுக்குத் தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரும். சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல் மெல்ல மெல்லப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் பழக்குகிறவனையே கொன்றுவிடும் என்று பிரதீபிகை எச்சரிக்கிறது. தொடங்குகிறவர் நிறுத்தவே வேண்டாம். நான்கு எண்ணி இழுத்து நான்கு எண்ணி விடுங்கள். சில வாரம் கழித்து நான்குக்கு ஆறு. விடும்போது கடைசியில் மூச்சு பிய்த்துக்கொண்டு ஓடினால் எண்ணிக்கை அதிகம் என்று பொருள், ஒன்று குறையுங்கள். கும்பகம் நேரில் ஓர் ஆசிரியர் பார்க்கும்போது மட்டும்.

உடம்பைப் பத்தி இவ்வளவு குறைச்சு சொல்றீங்களே, உடம்பு முக்கியம் இல்லையா?

மிக முக்கியம். உடம்பை முன்பு இழுக்கென்று நினைத்திருந்தேன், அதற்குள்ளேயே உத்தமன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணுகிறேன் என்று பாடியவர் திருமூலர். கோயில் என்பதால் பேணினார். கோபுரத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டே இருந்து கருவறைப் பக்கம் போகாததுதான் இங்கே சொல்லப்படும் குறை. முதுகுவலிக்காக மட்டும் ஆசனம் செய்கிறவரையும் தவறு சொல்ல மாட்டோம். முதுகுவலி போகட்டும், அதுவே நல்லது. அதை மட்டும் வைத்துக்கொண்டு 'யோகம் முழுவதும் தெரியும்' என்று சொன்னால்தான் திருத்த வேண்டியிருக்கிறது.

ஹாட் யோகா, ஆட்டுக்குட்டி யோகா, பீர் யோகா?

ஹாட் யோகாவில் ஏறக்குறைய 40 டிகிரி சூடாக்கிய அறையில் 90 நிமிடம், 26 ஆசனம், 2 மூச்சுப் பயிற்சி. அந்த வரிசைக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கேட்டு வழக்கு நடந்தது. உரிமை கிடையாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சூட்டில் தசை சீக்கிரம் இளகுவதால் அளவு தெரியாமல் இழுத்துவிட்டு, மறுநாள் தசைநாரில் வலியோடு வருகிறவர்கள் உண்டு. மே மாத மும்பையில் இதற்குத் தனி அறையும் வேண்டியதில்லை. மற்ற இரண்டும் பொழுதுபோக்கு. அவற்றுக்கு இங்கே இடம் தர வேண்டாம்.

200 மணி நேர கோர்ஸ் முடிச்சா ஆசிரியர் ஆயிடலாமா?

அந்த 200 மணி அளவுகோல் 1999இல் தொடங்கிய யோகா அலையன்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு வகுத்தது. தினம் 8 மணி வைத்தால் 25 நாள். ஆசனத்தின் பெயர், அமைப்பு, யாருக்கு எது கூடாது என்பதற்கு அந்த நேரம் தொடக்கமாகலாம். பதஞ்சலி வைத்த அளவுகோல் வேறு: நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி வேரூன்றும். சான்றிதழ் வைத்திருப்பவரிடம் சேரலாம். சேருமுன் அவர் தினமும் தனியாக எவ்வளவு நேரம் உட்கார்கிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

என் ஃப்ரெண்ட் கிறிஸ்தவங்க. யோகம் இந்து மதம், வரமாட்டேன்கிறாங்க. என்ன சொல்றது?

வற்புறுத்த வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். 'இது வெறும் எக்சர்சைஸ்தான்' என்பது மேற்கில் பள்ளிகளுக்குள் நுழைய வசதியாக இருந்த வாதம். கலிஃபோர்னியாவில் என்சினிடாஸ் பள்ளி வழக்கில் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அங்கே நடந்த வகுப்பு மதச்சார்பற்றது என்றே முடிவு செய்தது. அந்த வகுப்புக்கு அது சரி. யோகம் முழுவதற்கும் சரியல்ல. அது இந்த மண்ணின் ஆன்மிக மரபுகளில் பிறந்தது.

அதே சமயம் அது ஒரு மதத்தின் சுவருக்குள் மட்டும் இருந்ததில்லை. மேலே சொன்ன ஐந்து இயமங்களும் சமணரின் ஐந்து மாவிரதங்களும் ஒன்றே. 12ஆம் நூற்றாண்டில் சமண ஆசாரியர் ஹேமசந்திரர் யோக சாஸ்திரம் எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் அறிஞர் அல்பிரூனி பதஞ்சலியை அரபியில் தந்தார். பதஞ்சலி சொல்லும் ஈசுவரனுக்கு உருவமோ தல புராணமோ கிடையாது. இவ்வளவையும் மறைக்காமல் சொல்லிவிட்டு முடிவைத் தோழியிடமே விட்டுவிடுங்கள்.

பொண்ணு நியூஜெர்சியில கிளாஸ் எடுக்கறா. பேசினா சண்டை வருது. எப்படித் திருத்தறது?

திருத்தப் போனால் சண்டைதான் வரும். அம்மா, ஒன்று செய்யுங்கள். அவள் வகுப்பில் கடைசியில் சவாசனம், அதாவது மல்லாந்து அசையாமல் படுப்பது, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் என்றால் பத்தாக்கச் சொல்லுங்கள். சவாசனம் களைப்பைப் போக்கும், சித்தத்துக்கு ஓய்வு தரும் என்பது பிரதீபிகையின் வாக்கு. வகுப்பில் அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் கதவு அது. உள்ளே போக அதுவே போதும்.

செம்பூர்ல ஒன் பிஹெச்கே. காலையில அரை மணிதான் கிடைக்கும். எப்படிப் பிரிச்சுக்கறது?

2 நிமிடம் சும்மா உட்காருங்கள். 10 நிமிடம் ஆசனம்: நின்று ஒன்று, முன்வளைந்து ஒன்று, பின்வளைந்து ஒன்று, முறுக்கி ஒன்று, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு மூச்சு. 5 நிமிடம் சவாசனம். 5 நிமிடம் மேலே சொன்ன எண்ணி விடும் மூச்சு. கடைசி 8 நிமிடம் அசையாமல் இருப்பு. நேரம் குறைந்த நாளில் ஆசனத்தில் வெட்டுங்கள், இருப்பில் வெட்டாதீர்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உட்கார, பழைய பெட்ஷீட்டை நான்கு அங்குல உயரத்துக்கு மடித்து இடுப்பின் கீழ் மட்டும் வையுங்கள், தொடைக்குக் கீழே போக வேண்டாம். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் கீழ்முதுகு கூனும், பத்து நிமிடத்தில் வலிக்கும். இன்னொரு மடிப்புச் சேர்த்தால் சரியாகும். பத்மாசனத்துக்காக முழங்காலைக் கையால் அழுத்தாதீர்கள், திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. தரை முடியாதவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியின் முன்விளிம்பில், பாதம் தரையில் முழுவதும் படிய உட்காரலாம்.

உக்காந்தா மனசு முன்னைவிட அதிகமா ஓடுதே. ஏதாவது தப்புப் பண்றேனா?

இல்லை. ஏசியை நிறுத்தியதும் தெருச்சத்தம் பெரிதாகக் கேட்கும், தெரு அதுவரையும் அப்படித்தான் இருந்தது. பதஞ்சலி ஒன்பது தடைகளைச் சொல்கிறார். முதலில் நோய், பிறகு மந்தம், ஐயம், கவனக்குறைவு, சோம்பல் என்று போய், எட்டிய நிலையில் நிற்க முடியாமையில் முடிகிறது.  தடைகளுக்கு அவர் சொல்லும் மருந்து இது: ஒரே பொருளில் திரும்பத் திரும்ப மனத்தை வைத்தல்.

மூச்சு விடுவதை மட்டும் 1 முதல் 10 வரை எண்ணுங்கள். எண் தவறினால் எங்கே தவறியது என்று ஆராயாமல் மறுபடி 1. முதல் மாதத்தில் 4ஐத் தாண்டுவதே கடினமாக இருக்கும். தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து, மூன்றடி தள்ளித் தரையில் பாருங்கள். எட்டு நிமிட அலாரம் அடித்ததும் எழுந்துவிடுங்கள், நன்றாக வந்த நாளிலும் நீட்ட வேண்டாம். மறுநாள் அதே நேரம், அதே மூலை, அதே பெட்ஷீட்.